முக்கில் நின்ற செல்லப்பா

செல்லப்பா செத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் அவர் துப்பாக்கியோடு தெருமுக்கில் நிற்கிறார் என்று பக்கத்து வீட்டு ரோஜா வந்து சொன்னாள்.

"எக்கா, சத்தியமா அண்ணாச்சிதான். நெஞ்ச நிமித்திக்கிட்டு நிக்காரு."

அவர் பெண்டாட்டி பேச்சியம்மாள் அடுப்படியில் கப்பைக் கிழங்குக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். "ஒனக்கென்ன கிறுக்கு பிடிச்சிட்டா?" என்றாள்.

"ஃபிளெக்ஸுக்கா. சாயாக்கடை பக்கத்துல கெட்டிவெச்சிருக்கானுவ. ஆளு உயரத்துக்கு மேல இருக்கு. பின்னாடி பனிமலை, டாங்கி, ஏரோப்ளேன் எல்லாம் உண்டு."

மட்டாஞ்சேரியில் யார் செத்தாலும் உடம்பு வீட்டை விட்டுப் போவதற்குள் முக்கில் ஃபிளெக்ஸ் ஏறிவிடும். 'ஆதராஞ்சலிகள்' என்று மலையாளத்தில் கொட்டை எழுத்து, நடுவில் படம், கீழே சங்கத்தின் பெயர். செல்லப்பாவுக்கும் அன்றைக்கே ஒன்று கட்டினார்கள். கர்க்கடக மாசத்து மழை அதை ஒரே ராத்திரியில் கிழித்துப் போட்டது. அத்தோடு விட்டார்கள் என்றுதான் பேச்சியம்மாள் நினைத்திருந்தாள்.

அவள் கையைக் கழுவிவிட்டுச் சேலைத் தலைப்பைத் தலைக்குமேல் போட்டாள். ரோஜா பதறிப்போய் வாசலை மறித்தாள்.

"பதினாறு கழியாம நீ வாசல் தாண்டப்படாதுக்கா. பாக்குறவுக என்ன சொல்லுவாக?"

"எங்க வீட்டு மனுசனே தாண்டிப்போயி முக்குல நிக்காரில்லா. நான் தாண்டுனா என்ன? வழிய விடு."

சந்தில் கணுக்கால் வரைக்கும் தண்ணீர். ஓடையும் ரோடும் ஒன்றாகிவிட்டிருந்தது. பஜார் ரோட்டுப் பக்கமிருந்து வரும் காற்றில் இன்னும் கொஞ்சம் சுக்கு வாசனை மிச்சம் இருக்கிறது. அங்கே பாதிக் கோடவுன்கள் இப்போது வெள்ளைக்காரர்கள் காப்பி குடிக்கிற இடமாகிவிட்டன. அந்தக் கோடவுன்களில் குந்தி உட்கார்ந்து சுக்கு பொறுக்கியே பேச்சியம்மாளுக்கு முழங்கால் போனது. ஆனாலும் அன்றைக்கு அவள் நடந்த நடைக்கு ரோஜா பின்னால் ஓட வேண்டியிருந்தது.

ஃபிளெக்ஸ் நிஜமாகவே பெரியது. இருபத்தைந்து வயசுக்காரனுடைய மார்பும் தோளும், இலை தழை போட்ட கமாண்டோ உடுப்பும், இடுப்பில் குண்டு வரிசையும், கையில் சினிமாவில் மட்டும் பார்க்கிற மாதிரி ஒரு துப்பாக்கியும். அந்தக் கழுத்தின்மேல் செல்லப்பாவின் எழுபது வயசுத் தலை. கும்பளங்கியில் ஒரு சொந்தக்காரக் கல்யாணத்தில் எடுத்த படம் அது. நெற்றியில் சந்தனக் கீற்று அப்படியே இருக்கிறது. பந்தியில் எல்லாரும் வயிறார உண்டார்களா என்று பார்த்துவிட்டு வந்து சிரித்த சிரிப்பு. அந்தச் சிரிப்போடு டாங்கிக்கு முன்னால் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நிற்கிறார். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து இந்தத் தலையை வெட்டி ஒட்டியவனுக்குக் கொஞ்சமாவது சிரிப்பு வந்திருக்காதா?

பேச்சியம்மாள் முதலில் தேடியது அந்த வலது கையைத்தான். முழங்கைக்குக் கீழே மணிக்கட்டு வரைக்கும் தோல் சுருண்டு கிடக்கும் அவருக்கு. எழுபத்தொன்றாம் வருசச் சண்டையில், இருட்டில், பதுங்கு குழியில் கிடந்தவர்களுக்குக் கொதிக்கக் கொதிக்கப் பருப்பு கொண்டுபோகும்போது பக்கத்தில் எங்கேயோ குண்டு விழுந்து, மண்ணில் குப்புற விழுந்து, கைமேல் பருப்பு சரிந்தது. பாத்திரத்தை விடவில்லை. "பாதிக்குமேல மிச்சம் இருந்துச்சு பேச்சி, எல்லாருக்கும் ஆளுக்கொரு கரண்டி வந்துச்சு" என்று அதை ஒரு வேடிக்கை மாதிரிதான் சொல்லுவார். ஃபிளெக்ஸில் அந்தக் கை முழுவதும் உடுப்பு மூடியிருந்தது.

"என்ன எழுதியிருக்கான்? வாசி."

ரோஜா மலையாளத்தைத் தட்டுத்தடுமாறி வாசித்தாள். "சத்ருக்களை நடுங்க வைத்த வீர யோத்தா செல்லப்பனுக்கு நாட்டுக்காருடெ ஆதராஞ்சலிகள்."

"யோத்தான்னா?"

"சண்ட போடுறவன்க்கா. போர்வீரன்."

சாயாக்கடை பெஞ்சிலிருந்து சேவியர் குடையோடு எழுந்து வந்தார். பெயின்ட் கடை வைத்திருக்கிறவர், சந்துச் சங்கத்தின் செகரட்டரி. முகமெல்லாம் பெருமை.

"சேச்சி வந்தோ? எங்ஙனெ உண்டு? நல்ல கம்பீரமாயிட்டில்லே?"

"யாரு இது?"

"நம்மட செல்லப்பன் சேட்டன் அல்லே!"

"இந்த ஆள எனக்குத் தெரியாது. இந்த ஆளோட நான் குடும்பம் நடத்தல."

சேவியர் சிரிக்கப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "சேச்சிக்கு விஷமம் உண்டு, மனசிலாகும். மரிச்ச வீடல்லே..."

"எனக்கு விசனமில்ல சேவியரு. எனக்கு வயிறு எரியுது. இதே பெஞ்சுல உக்காந்துக்கிட்டு அவரைக் கரண்டிப் பட்டாளம்னு கூப்பிட்டது யாரு? அவரு தூக்குச் சட்டியோட இந்த வழியாப் போகும்போது, 'மிலிட்டரி, இன்னைக்கு யுத்தத்துக்கு சாம்பாரா ரசமா'ன்னு கேட்டது யாரு? நீங்கதான?"

"அது தமாசல்லே சேச்சி. சேட்டனும் சிரிக்கும்லா."

"அவரு சிரிப்பாரு. நாப்பது வருசம் தமாசு. உசிரோட இருக்கும்போது கரண்டி, செத்தப்பறம் துப்பாக்கியா? வெள்ளம் வந்த வருசம் பரூர்லருந்து ஆளுகளக் கொண்டாந்து ஸ்கூல்ல வச்சிருந்தமே, எழுபது வயசு தாண்டுன மனுசன் விடியகாலம் எந்திரிச்சு உலை வச்சாரே, அந்தக் கஞ்சிய வரிசைல நின்னு வாங்கிக் குடிச்சது நீங்களும்தான. அந்தப் படம் ஒண்ணுகூடவா ஒங்க ஃபோன்ல இல்ல?"

சாயா அடித்துக்கொண்டிருந்தவன் கையை நிறுத்திவிட்டான். சேவியர் குரலைத் தாழ்த்தினார்.

"சேச்சி என்னோடு கோவப்பட்டிட்டுக் காரியமில்லா. இது சேச்சிடெ மகன் தங்கதுரை பறஞ்சிட்டுச் செய்ததாணு. ஃபோட்டோ அவன்தான் வாட்சாப்பில் அனுப்பிச்சது. வாசகமும் அவன்தான். பதினாறன்னைக்கு வைகுந்நேரம் அனுஸ்மரணக் கூட்டம் உண்டு, கவுன்சிலர் வரும். பஸ் ஷெட்டுக்குச் சேட்டன்ற பேர் வைக்குறோம். கிரானைட் கல்லுல கொத்தி வைக்கும். நூறு வருஷம் ஆனாலும் மாயாது."

"கல்லுலயும் இதானா?"

"தங்கதுரை எழுதித் தரும். அவன் தருந்நது கொத்தும்."

ஃபிளெக்ஸ் என்றால் மழை பார்த்துக்கொள்ளும். கல்லை யார் என்ன செய்ய முடியும்? கூட வாழ்ந்த மனுசனைக் கொண்டுபோய் எரித்தாயிற்று. இப்போது அவர் இருந்த இடத்தில் வேறு ஒருத்தனை நட்டுவைக்கப் போகிறார்கள், அதற்கு அவள் பெற்ற பிள்ளையே குழி தோண்டுகிறான்.

பட்டாளத்திலிருந்து பென்ஷனோடு வந்தவர்கள் எல்லாரும் பேங்கு வாசலிலும் கம்பெனி வாசலிலும் காவலுக்கு நின்றார்கள். செல்லப்பா வந்த அன்றைக்குப் பெண்டாட்டியின் கையைப் பார்த்தார். சுக்கில் பூசிய சுண்ணாம்பு அரித்து விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. அவள் கையிலிருந்த கரண்டியை வாங்கினார். அத்தோடு சாகிறவரை திருப்பித் தரவே இல்லை.

"ஒனக்கு அங்க ஒரு வேல, இங்க ஒரு வேல. எனக்குப் பென்ஷனும் தூக்கமுமா? தள்ளு அங்கிட்டு" என்றார்.

மத்தியானம் அடுக்குச் சட்டியில் சுடச்சுடச் சோறு எடுத்துக்கொண்டு பஜார் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே வருவார். மூட்டை தூக்குகிறவர்கள் விசிலடிப்பார்கள். பெண்டாட்டிக்குச் சோறு சுமக்கிற மிலிட்டரி என்று கூவுவார்கள். அவர் சட்டியைத் தூக்கிக் காட்டிச் சிரித்துக்கொண்டே வருவார். பேச்சியம்மாளுக்குச் சுக்குத் தூசியைவிட அதுதான் கண்ணில் எரியும். எழுந்து போய் நாலு கேட்க வேண்டும்போல இருக்கும். "விடு பேச்சி. சோறு ஆறிடும்" என்பார். எதற்கெடுத்தாலும் சோறு ஆறிடும். அவர் படாத கோபத்தையெல்லாம் சேர்த்து இவளே பட வேண்டியிருந்தது.

தங்கதுரை அன்று சாயங்காலம் காக்கநாட்டிலிருந்து வந்தான். அங்கே ஒரு கம்பெனியில் கட்டடத்துக்குச் சூப்பர்வைசர், குடும்பத்தோடு அங்கேயே இருக்கிறான். மழைக்கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டுவதற்குள் பேச்சியம்மாள் ஆரம்பித்துவிட்டாள்.

"யாரக் கேட்டுல அப்படிச் செஞ்ச?"

"எம்மா, மெதுவாப் பேசு. அக்கம்பக்கத்துல ஆளு இருக்கு."

"மெதுவாப் பேசுறதுக்கு நான் ஒங்கப்பன் இல்ல. சொல்லு."

"என்ன தப்பு? எல்லாரும் நல்லாருக்குன்னு சொல்லுதாங்க. என் ஆபீஸ்லருந்து கூட ஷேர் பண்ணாங்க. அப்பாவுக்கு ஒரு கௌரவம் வரட்டுமேன்னு செஞ்சேன்."

"கௌரவமா? அவரு தலைய வெட்டி எவன் ஒடம்புலயோ ஒட்டியிருக்க. அந்த மனுசன் கையில தழும்பு எங்கல? அவரு பிடிச்ச கரண்டி எங்க? அவரு சமைச்சத மென்னு முழுங்கித்தான் இந்த ஒடம்ப வளத்த. அதச் சொல்ல ஒனக்கு வெக்கமா இருக்கா?"

"ஆமா. வெக்கமாத்தான் இருந்துச்சு." தங்கதுரையின் குரலும் ஏறிவிட்டது. "ஏழாங்கிளாஸ் ஆண்டு விழாவுக்கு அப்பாவக் கூப்பிட்டாங்க, ஞாபகம் இருக்கா? ஒன்னையும்தான் கூப்பிட்டாங்க. நீ வரல."

"கப்பலுக்குச் சரக்கு ஏறுற நேரம். லீவு கேட்டா நாளைக்கு வராதம்பான்."

"நீ வரல. அப்பா மெடல் எல்லாம் குத்திக்கிட்டு வந்தாரு. நான் ஒரு மாசமா பிள்ளைகள்ட்ட அளந்து விட்டிருந்தேன், எங்கப்பா அப்படிச் சுட்டாரு, இப்படிச் சுட்டாருன்னு. மேடையில வச்சு ஹெட்மாஷ் கேக்காரு, எத்தன சத்ருக்களக் கொன்னீங்கன்னு. அப்பா மைக்கப் பிடிச்சு, 'நான் சமையல்காரன் சாரே, யாரையும் கொன்னதில்ல, எல்லாருக்கும் சோறு போட்டேன்'னாரு. ஸ்கூலு மொத்தமும் சிரிச்சுதும்மா. டீச்சர்மாரும் சிரிச்சாங்க. அதுகூடப் போகட்டும். அப்பாவும் அவங்களோட சேந்து சிரிச்சாரு. அதான் எனக்குப் பொறுக்கல."

அன்றைக்கு அவர் திரும்பி வந்து, நல்லா இருந்துச்சு பேச்சி, பிள்ளைகள் நல்லாச் சிரிச்சுதுக என்று சொன்னது பேச்சியம்மாளுக்கு ஞாபகம் வந்தது. பாயசம் வைத்தார். இவன் தலைவலி என்று சுருண்டு படுத்துக்கொண்டான்.

"அன்னையிலருந்து எம்பேரு கரண்டி. பத்தாங்கிளாஸ் முடியுற வரைக்கும் கரண்டி. ஒரு பொய் சொல்லியிருக்கலாம்லா அவரு? எனக்காக ஒரே ஒரு பொய். அவரு சொல்லாதத இப்ப நான் சொல்லிட்டேன். அவ்வளவுதான். அவரு கட்டிக்குடுத்த சோத்தக்கூட நான் அதுக்கப்புறம் ஸ்கூல்ல தின்னதில்ல."

"என்னது?"

"கால்வாயில கொட்டிருவேன்."

"தினமுமா?"

அவன் தலையாட்டினான். பேச்சியம்மாளின் கை தானாக ஓங்கியது. நாற்பது வயசு தாண்டிய மகனை அடிக்கவும் முடியாமல், கையை இறக்கவும் மனசில்லாமல் அப்படியே நின்றாள். விடியற்காலையில் எழுந்து, தேங்காய் துருவி, கறிவேப்பிலை கிள்ளி, சம்மந்தித் துவையலைத் தனியாக இலையில் பொதிந்து வைத்த கைகள் அவள் கண்முன் வந்தன. அத்தனையும் கால்வாய் மீனுக்குப் போயிருக்கிறது.

"பாவி. பட்டினியாவா கெடந்த?"

"இல்ல. பாண்டித்துரை அவன் டப்பாவுலருந்து பாதி தருவான். ரோஜா அத்த வச்ச சோறு."

வாசற்படியில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்ற ரோஜா தலையில் அடித்துக்கொண்டாள்.

"நான் எங்கல வச்சேன்? எறால் உரிக்கிற ஷெட்டுக்கு வெளிச்சம் வாறதுக்கு முன்ன போனாத்தான் எனக்கு வேல. எம்மவன் டப்பாவுக்கு என்னைக்குல நான் சோறு கெட்டியிருக்கேன்? எல்லாம் அண்ணாச்சி வச்சதுதான்."

"அத்த?"

"ஒருநா வந்து சொன்னாரு. 'ரோஜா, மவன் என் சோத்தக் கொட்டுதான். கால்வாய்ப் பாலத்துமேல நின்னு பாத்துட்டேன். இனிமே பாண்டித்துரைக்கு நானே கெட்டித் தாறேன், ரெண்டு ஆளுக்குக் காணுற மாதிரி. நீ வச்சதுன்னு சொல்லிக் குடுக்கச் சொல்லு. தின்னுருவான்'னாரு. சோறு கெட்ட வழியில்லாத வீடு எனது, நான் சரின்னேன். ஒம்மவன் டப்பாவ நிறுத்திரலாம்ல அண்ணாச்சின்னேன். 'அத நிறுத்துனா எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவனுக்குத் தெரிஞ்சிரும்லா'ன்னாரு. கொட்டுறதுக்கு ஒண்ணும் திங்கதுக்கு ஒண்ணுமாத்தான் அத்தன வருசமும் கெட்டுனாரு."

தங்கதுரை தரையில் உட்கார்ந்தான்.

பேச்சியம்மாள் அவனைப் பார்க்கவே இல்லை. நேரே உள்ளே போய், விளக்கு வைத்திருந்த படத்துக்கு முன்னால் நின்றாள்.

"வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீரு? எங்கிட்டகூடச் சொல்லல. பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரியுது, எனக்குத் தெரியல. அவன் முதுகுல ரெண்டு வச்சிருந்தா அன்னைக்கே சரியாயிருப்பானே. சிரிக்காராம் சிரிப்பு. இப்ப வந்து பாரும், நீரு சிரிச்ச சிரிப்புக்கு முக்குல துப்பாக்கி குடுத்து நிறுத்திவெச்சிருக்கான் ஒம்ம மவன்!"

சத்தம் சந்துக் கடைசி வரைக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும். அவர் செத்ததிலிருந்து அவளுக்கு அழுகை வரவில்லை என்று வந்தவர்களெல்லாம் கவலைப்பட்டார்கள். இப்போதும் வந்தது அழுகை இல்லை, ஆத்திரம்தான். அவரை உலுக்கி எழுப்பி நாலு வார்த்தை கேட்க முடியாதே என்ற ஆத்திரம்.

திரும்பி வந்தபோது தங்கதுரை கப்பைச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஆறிப்போன கப்பையைக் கையால் எடுத்துத் தின்றுகொண்டிருந்தான். அவள் தடுக்கவில்லை. காந்தாரி மிளகாய்ச் சம்மந்தியை அவன் பக்கம் தள்ளவும் இல்லை.

"கல்லுல என்ன கொத்தணும்னு ஒங்கிட்டதான கேப்பாங்க?"

"ம்."

"நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நான் சொல்லி நீ கொத்துனா அது என் வார்த்த. நீயா யோசிச்சுக் குடு. ஆனா ஒண்ணு. அந்தக் கல்லு மேல துணிய விலக்கும்போது உள்ள யோத்தா கீத்தான்னு இருந்துச்சு, நான் செத்தா நீ கொள்ளி வைக்க வரப்படாது."

அவன் மழைக்கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு போனான். அதன்பிறகு ஃபோனும் இல்லை, ஆளும் இல்லை. பதினாறாம் நாள் காலையில் வந்து சடங்கை முறையாகச் செய்தான். கல்லைப் பற்றி அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

சாயங்காலம் மழை கொஞ்சம் விட்டுக்கொடுத்தது. பஸ் ஷெட்டுக்கு முன்னால் நீலத் தார்ப்பாயும் பிளாஸ்டிக் நாற்காலிகளும் போட்டிருந்தார்கள். முன் வரிசையில் பேச்சியம்மாளை உட்கார வைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். அவள் அதை மடித்து ரோஜா மடியில் போட்டுவிட்டாள். முக்கில் அந்த ஃபிளெக்ஸ் இன்னும் நின்றது. ஒரு பக்கக் கயிறு அறுந்து, துப்பாக்கி காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

சேவியர் மைக்கில் வெகுநேரம் பேசினார். நாட்டுக்காக ரத்தம், எல்லையில் சிங்கம் என்றெல்லாம் வந்தது. பிறகு கவுன்சிலர் எழுந்துபோய் ஷெட்டுச் சுவரில் தொங்கிய மஞ்சள் துணியின் கயிற்றை இழுத்தார். கைதட்டினார்கள். அதை வாசிக்கத் திரும்பிய சேவியர், வாயைத் திறந்தார். மறுபடி மூடினார். கல்லையும் தங்கதுரையையும் மாறி மாறிப் பார்த்தார். பேச்சியம்மாளுக்கு மலையாள எழுத்துத் தெரியாது. கறுப்புக் கல்லில் மஞ்சளாக ஏதோ நெளிவதுதான் தெரிந்தது. மடியில் இரண்டு கைகளையும் இறுக்கிக்கொண்டாள்.

தங்கதுரை எழுந்துபோய்ச் சேவியரின் கையிலிருந்த மைக்கை வாங்கினான்.

"செல்லப்பா. பட்டாளத்தில் சமையல்காரர்..."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "கரண்டி" என்று ஒரு குரல் மெதுவாகச் சொன்னது. இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள். ரொம்பச் சின்னச் சிரிப்புதான். ஆனால் தங்கதுரையின் கை மைக்கோடு கீழே இறங்கியது. நரை விழுந்த அந்த முகத்தில், தலைவலி என்று சுருண்டு படுத்த ஏழாம் வகுப்புப் பையனைப் பேச்சியம்மாள் பார்த்தாள். அன்றைக்கு அவள் கோடவுனில் சுக்கு பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"யாருல சிரிச்சது?"

அவளுக்கு மைக் தேவைப்படவில்லை.

"எந்திரிச்சு நில்லு. இத்தன வருசமா இதக் கேக்கணும்னு இருந்தேன். அந்த மனுசன் விடல, சோறு ஆறிரும்னுட்டாரு. இப்ப அவரு இல்ல. அவரு கையால தின்னாத வாயி எவன்டயாவது இருந்தா அவன் சிரிக்கட்டும். மத்தவன் சிரிச்சா நான் பாத்துக்கிடுதேன்."

"சேச்சி, இரிக்கு, ப்ளீஸ்..." என்றார் சேவியர்.

"நீங்க இரிங்க."

சேவியர் உட்கார்ந்தார். கவுன்சிலரும் என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்துவிட்டார். பேச்சியம்மாள் கூட்டத்தின் மேலிருந்து கண்ணை எடுக்காமலே மகனிடம் சொன்னாள்.

"நீ வாசில. மொதல்லருந்து வாசி."

தங்கதுரை மைக்கைத் தூக்கினான். "செல்லப்பா. பட்டாளத்தில் சமையல்காரர். வீட்டிலும் அவர்தான் சமைத்தார்" என்று வாசித்தான். அதற்குக் கீழே பிறந்த தேதியும் இறந்த தேதியும் இருந்தன, மகனின் பெயர் இருந்தது. அவன் கடைசி எழுத்து வரைக்கும் வாசித்து முடிக்கிறவரை பேச்சியம்மாள் உட்காரவில்லை.